எதுவும் போடாத குழி

அந்தச் செடியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், படித்துவிட்டு யாராவது ஒருவர் அதை அறுக்கக் கத்தியோடு வேலியோரம் போய் நிற்பார். அவளுடைய பெயரையும் எழுதவில்லை. ஒரே ஒரு தடவை அதை மைக்கில் சொன்னார்கள். அதுவே அவளுக்கு ஆயுளுக்கும் போதும்.

நானும் அவளும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். குருண் என்ற சிற்றூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, முன்னால் பெரிய சாலை, பின்னால் செம்பனைத் தோட்டம். என் வேலை கிட்டத்தட்ட சமையல்காரி வேலை. தோட்டங்களில் பறித்து வரும் இலைகளைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, எரிசாராயத்தில் ஊறப்போட்டு, வடித்து, வற்றவைத்து, கடைசியில் தார் மாதிரி ஒரு களிம்பை எடுத்துக் கொடுப்பேன். அவள் வேலை செல் வளர்ப்பது. பெருங்குடல் புற்றுநோய் வந்த யாரோ ஒருவரின் உடம்பிலிருந்து எந்தக் காலத்திலோ எடுத்த செல்கள். அந்த ஆள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷம் ஆகியும் அவை மட்டும் ஊர் ஊராக ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அவள் அவற்றுக்கு வேளாவேளைக்குத் தீனி மாற்றுவாள். தீபாவளி விடுமுறையில்கூட ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவாள். பசியாறினாயா என்று என்னைக் கேட்டதைவிட அந்தச் செல்களைத்தான் அதிகம் கேட்டிருப்பாள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. உள்ளங்கை அகலத் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் செல்கள். அவற்றில் என் களிம்பைக் கரைத்து, கொஞ்சமாக, அதிகமாக, இன்னும் அதிகமாக விடுவாள். சில நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றிவிடும். செத்துவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.

மஞ்சளைக் கண்டதும் நான் குதிப்பேன். அவள் மஞ்சளையே பார்க்க மாட்டாள். தட்டில் ஒரு வரிசையை எதையும் போடாமல் சும்மா விட்டிருப்பாள். அவள் கண் முதலில் அங்கேதான் போகும். "எதுவும் போடாத குழி என்னாச்சு?" என்பாள். அந்தக் குழியில் செல்கள் தானாகவே செத்திருந்தால், என் இலை கொன்றது என்று சொல்ல முடியாதாம். அது நன்றாக இருந்தாலும் விட மாட்டாள். அடுத்த கேள்வி, நல்ல செல் என்னாச்சு. நோயில்லாத குடல் செல்களையும் பக்கத்துத் தட்டில் வளர்த்து அதற்கும் அதே களிம்பை ஊற்றுவாள்.

"பாத்திரம் கழுவுற சோப்ப ஊத்துனாலும்தான் புத்து செல்லு சாவும். நல்லது பொழைச்சுதான்னு சொல்லு" என்பாள்.

எனக்கு எரிச்சலாக வரும். மாசக்கணக்கில் ஊறவைத்து வடித்தவள் நான். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா?

இந்தக் கேள்வியை அவள் ஆய்வுக்கூடத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கடைக்கும் கல்யாணத்துக்கும் கூடவே எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், மிளகும் தேனும் சாப்பிட்டதில் ஒரு வாரத்தில் இருமல் நின்றது என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் இருந்தால் எத்தனை நாளில் நின்றிருக்கும் என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் அன்றிலிருந்து அவளைக் கண்டால் இருமலை அடக்கிக்கொண்டு போனார்.

நாங்கள் குடியிருந்த தாமானில் ஒரு அக்கா முகத்துக்குப் பூசும் கிரீம் விற்றார். இவளும் வாங்கினாள். வாங்கி, ஒரு மாசம் இடது கன்னத்தில் மட்டும் பூசினாள். வலது கன்னத்தில் வெறும் தண்ணீர். பிறகு ஒரு பிறந்தநாள் வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் அந்த அக்காவிடம் போய், எந்தக் கன்னம் என்று கண்டுபிடிக்கச் சொன்னாள். அக்கா வலது கன்னத்தைக் காட்டினார். நான் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிப் போய்ச் சிரித்தேன். அதற்குப் பிறகு யாரும் எங்களை ஒன்றாக எதற்கும் கூப்பிடவில்லை.

ஆனால் அதே கேள்வி ஒருமுறை என்னைத் தூக்கி நிறுத்தியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். என் அப்பா நெஞ்சுவலி என்று சொன்ன அன்று, வாயுவாக இருக்கும் என்று சீரகத் தண்ணீர் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தேன். மறுநாள் இல்லை. அன்றே கூட்டிக்கொண்டு போயிருந்தால் என்று மாசக்கணக்கில் புலம்பினேன். வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். அவள் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, யோசித்து, "கூட்டிட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாருக்கும் தெரியாது. அந்தக் குழி நம்மகிட்ட இல்ல" என்றாள். விதி என்று சொன்னபோது நிற்காத அழுகை அதில் நின்றது.

அந்தச் செடி எங்களுக்குக் கிடைத்தது செர்டாங் பக்கத்தில், அவள் பிறந்த தோட்டத்தில். பறித்துக் கொடுத்தவர் அவளுடைய அப்பாவோடு ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர். ரத்த சொந்தம் இல்லை, ஆனாலும் மாமா. அவர் மனைவி அத்தை. நாங்கள் போகும்போதெல்லாம் உர மூட்டைப் பையில் இலையை அமுக்கி நிரப்பி, மோட்டோவின் பின்சீட்டில் வைத்துக் கட்டி, தயாராக நிற்பார். எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, "நம்ம எல ஜெயிச்சிருச்சா?"

அவளும் சலிக்காமல் பதில் சொல்வாள். முதல் தட்டில் புற்று செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது அதையும் சொன்னாள். நல்ல செல் இன்னும் பார்க்கவில்லை, தட்டில் சாவது வேறு உடம்பில் சாவது வேறு என்றும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவள் சொன்னாள். மாமா முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். குடல் புற்று என்றால் ரத்தம் போகுமா, வலிக்குமா, சாப்பாடு இறங்குமா என்று துருவித் துருவிக் கேட்டார். படிக்காத மனிதருக்கு எவ்வளவு ஆர்வம் என்று நான் மெச்சிக்கொண்டேன். என் மண்டையில் அடிக்க வேண்டும். அவர் தன் உடம்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் போவதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டு, இலையைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவதாகக் கோயில் கமிட்டியில் முடிவெடுத்தார்கள். மாமாதான் தலைவரிடம் எடுத்துச் சொன்னது. தோட்டத்துப் பிள்ளை, விஞ்ஞானி, வராமல் இருக்கலாமா என்று தலைவரே போன் போட்டு அழைத்தார். அவளுக்கும் ஆசை இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? தோட்டத் தொழிலாளர்களின் அந்த லயத்து வீட்டில் படித்து வந்தவள். வெளிர்பச்சைச் சேலை ஒன்று வாங்கினாள், ஜாக்கெட் தைக்க என்னையும் இழுத்துக்கொண்டு அலோர் ஸ்டார் போனாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள்தான் நல்ல செல் தட்டு முடிந்தது. அதிலும் மஞ்சள். கெட்டது எந்த அளவில் செத்ததோ, கிட்டத்தட்ட அதே அளவில் நல்லதும் செத்திருந்தது. எதுவும் போடாத குழி மட்டும் ஊதாவாக இருந்தது. அவள் தட்டை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். மறுபடி ஒருமுறை செய்து பார்ப்போம் என்றாள். அவ்வளவுதான்.

மேடையில் தலைவர் பேசினார். நல்ல குரல் அவருக்கு. நம் தோட்டத்து மண், நம் தோட்டத்து இலை, நம் தோட்டத்துப் பொண்ணு என்று அடுக்கிக்கொண்டே போய், புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர் என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், முதல் வரிசை வேறு. அவர் சிவப்புப் பொன்னாடையை உதறி விரித்து அவள் தோளில் போட்டார். மாலை போட்டார்கள். அவள் வாய் ஏதோ சொல்லத் திறந்ததை நான் பார்த்தேன். மைக்கை அதற்குள் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பொன்னாடை போர்த்தினால் எங்கள் ஊரில் எல்லாரும் என்ன செய்வார்களோ அதை அவளும் செய்தாள். கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

யாரோ அதைப் போனில் பிடித்திருந்தார்கள். மருந்து கண்டுபிடித்தவர் என்ற சத்தம், உடனே அவள் கும்பிடுவது. அவ்வளவுதான் வீடியோ. நாங்கள் காடியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் அது என் போனுக்கே மூன்று பக்கத்திலிருந்து வந்துவிட்டது.

காடியில் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஏன் கும்பிட்டேன்?" என்று கேட்டாள்.

போர்த்தினால் கும்பிடாமல் பின்னே என்ன செய்வாய், குத்துவாயா என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் தலைவருக்குப் போன் செய்து, அது மருந்து இல்லை, அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்லிக்கலாம்மா, இப்ப என்ன அவசரம் என்றாராம். அவளும் விட்டுவிட்டாள். நானும்தான்.

மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்ற சேதி வர நாளாயிற்று. போனபோது ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தார். ஆளே பாதியாகியிருந்தார். தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் சொம்பு. அதில் பச்சையாக, கெட்டியாக, அந்த இலை வேகவைத்த தண்ணீர். அலோர் ஸ்டாரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களாம். குடலை வெட்டி வயிற்றில் ஒரு பை வைப்பார்களாம். கழிவு அதில் இறங்குமாம். அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது.

"அந்தப் பையக் கட்டிக்கிட்டு நான் எப்படிம்மா கோயிலுக்குள்ள வர்றது? ஒரு கல்யாணங் காட்சிக்குப் போக முடியுமா? அதான் ஒன் மருந்து இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா, இப்பவே போகலாம் என்று கெஞ்சினாள். ஆனால் அந்தச் சொம்பைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அவர் எட்டி அதை எடுத்து ஒரு மடக்குக் குடித்தபோதுகூட வரவில்லை. எதையும் யாரிடமும் முகத்துக்கு நேராகக் கேட்பவள், அன்று பாயின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் காடியில்தான் அவரைக் கூட்டிப் போனோம். டாக்டர் நிதானமாக விளக்கினார். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை. மாமா என்னவோ பை வைக்கத் தேவையில்லை என்றதும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

கருமாதிக்குப் போனோம். எல்லாம் முடிந்து பந்தி எழுந்த பிறகு, அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன்.

"ஒன் மருந்துதாம்மா அவர இத்தன மாசம் வெச்சிருந்துச்சு. நீ நல்லா இருக்கணும்" என்றார்.

அவளுக்குள் அந்தக் கேள்வி எழுந்ததை நான் பார்த்தேன். குடிக்காமல் இருந்திருந்தால்? ஊரில் எல்லாரிடமும் கேட்டவள் அத்தையிடம் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியே முடிந்திருக்கும். ஆனால் அத்தை அலமாரியைத் திறந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை எடுத்தார். நிறைய காய்ந்த இலை. தன் தம்பிக்கும், அவளுக்குச் சித்தப்பா முறை, இப்போது ரத்தம் போகிறது, கூச்சப்படாமல் முன்னாலேயே சொல்லிவிட்டான், அவனுக்கு எவ்வளவு போட்டு எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று கேட்டார்.

அவள் பையை வாங்கிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"அத்த, இது மருந்து இல்ல. தட்டுல நல்ல செல்லையும் சேத்துத்தான் கொன்னுச்சு. அவர ஆபரேஷனுக்குப் போக விடாம செஞ்சது இதுதான். சித்தப்பாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

அத்தை கத்தவில்லை, அழவும் இல்லை.

"இது எப்பத் தெரியும் ஒனக்கு?"

"திருவிழாவுக்கு மொத நாளு."

"அப்பறம் மேடையில எதுக்குக் கும்பிட்ட?"

அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது நான்தான் வாயைக் கொடுத்தேன். முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று யார் சொன்னது, அந்தக் குழி நம்மிடம் இல்லை என்று அவள் எனக்குச் சொன்னதையே அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேனாம்.

"அது ஒனக்குச் சொன்னது. நீ ஒங்கப்பாவ வீட்ல வெச்சுக்கிட்டு கைதட்டு வாங்கல" என்றாள்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு அந்தச் சிவப்புப் பொன்னாடையைக் கொண்டுவந்து நுண்ணோக்கிக்கு உறையாகப் போட்டாள். ஏற்கெனவே இருந்த பிளாஸ்டிக் உறை கிழிந்துதான் போயிருந்தது. வேலையைத் தொடங்க வேண்டுமென்றால் தினமும் அதைக் கையால் எடுத்து மடித்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் அங்கே போட்டாள் என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை. அவள் ஜோகூர் பக்கம் வேலை மாறிப் போய் வருஷங்கள் ஆகின்றன. உறை இன்னும் அதுதான். ஜரிகை எல்லாம் கறுத்துவிட்டது. அந்த வீடியோ மட்டும் புதிதாகவே இருக்கிறது. அவ்வப்போது யாராவது நம் மக்கள் பகிரவும் என்று போட்டு எனக்கே அனுப்புகிறார்கள்.

அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு ஆய்வுக்கூடம் நினைவுக்கு வருவதில்லை. அடுத்த வருஷத்துத் திருவிழாதான் வருகிறது. அதே தோட்டம், அதே மேடை. ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்று தலைவரிடம் மைக் கேட்டாள். நல்ல நாள் பெரிய நாளில் இது எதற்கம்மா, கோயில் பேரும் கெடும் உன் பேரும் கெடும் என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வா வீட்டுக்குப் போகலாம் என்று நான் இழுத்தேன். மானம் போகிறதே என்று எனக்குப் பயம். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

அவள் நேராக அன்னதானப் பந்திக்குப் போனாள். பரிமாறிக்கொண்டிருந்தவரிடம் ரசவாளியைக் கேட்டு வாங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் இலையில் குனிந்தாள். குனிந்து, ரசம் ஊற்றிக்கொண்டே, "அந்த வீடியோவுல இருக்கவ நான்தான். அது மருந்து இல்ல, குடிக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். அடுத்த இலை. அதே வார்த்தை. அதற்கடுத்த இலை.

சிலர் தலையாட்டினார்கள். சிலருக்குப் புரியவே இல்லை, சோறு பிசைந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். விஞ்ஞானி ரசம் ஊத்துதுலா என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்கும் விழுந்திருக்கும். தலைவர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாளியைப் பிடுங்கவா முடியும்? நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் அப்பளக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

வரிசையின் கடைசிப் பக்கம் அத்தை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தம்பி. கருமாதியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நாள் தள்ளிக்கொண்டே வந்தவர், முகம் வெளுத்து, சோற்றைத் தொடாமல் இருந்தார். அவள் குனிந்ததும் அத்தை இலைமேல் கையை விரித்து மறைத்தார். வேண்டாம் என்று அர்த்தம். அவள் கரண்டியை வாளியிலேயே நிறுத்திக்கொண்டு, மற்றவர்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளை ஒன்றுவிடாமல் அத்தைக்கும் சொன்னாள். அப்புறம் தம்பியின் இலைக்கு நகர்ந்தாள்.

"அப்ப அந்தப் பையக் கட்டிக்கிட்டுத்தான் திரியணுமா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா சித்தப்பா. கட்டிக்கிட்டு இங்கயே வந்து ஒக்காருங்க. நான் பக்கத்துல ஒக்காந்து சாப்பிடுறேன்."

அவர் தன் அக்காவைப் பார்த்தார். அத்தை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இலையிலிருந்து கையையும் எடுக்கவில்லை. குனிந்தபடியே, தம்பியிடம் மட்டும், "போய்ட்டு வாடா" என்றார்.

அவள் அவருக்கு ரசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.